ஏழு ஒன்றுகள்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது என்று முதலில் எழுதினேன். பொய். நான் செய்த ஒரு கீழ்மையிலிருந்து பிறந்தது. எண் இதுதான்: 1111111.

1931-இல் ராயபுரத்துத் தொழிலாளர் வாசகசாலையில் ஞாயிறு மதியங்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் பலகையில் ஏழு ஒன்றுகளை எழுதி, "இது பகா எண். எதாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது" என்றேன்.

(ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர. அப்படிச் சொல்ல ஆயிரத்து ஐம்பத்து நான்கு வரை சோதித்திருக்க வேண்டும். நான் நூறோடு அலுத்து நிறுத்தியிருந்தேன்.)

2

வியாகுலம்மாளை எப்படி அறிமுகம் செய்வது? 'ஏழை விதவையான அவள்...' வேண்டாம். இரக்கம் கூடினால் என் குற்றம் அழகாகிவிடும். துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்கு தைப்பவள். வகுத்தல் கணக்கு அவளுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு சிலேட்டோடு வந்தாள்.

"சார், அந்த நெம்பரு வகுபடுது. இருநூத்தி முப்பத்தொம்போதுல."

கிடங்கு மேஸ்திரி ஸ்டானிஸ்லாஸ் அன்று அங்கே இருந்தார். மூட்டைகளுக்குத் தப்பில்லாமல் எண் போட ஓர் ஆள் வேண்டும் என்று அவர் கேட்டதால், அவளைப் பார்க்க நானே வரச் சொல்லியிருந்தேன்.

சிலேட்டை வாங்கினேன். பார்க்கவில்லை.

"எங்கேயோ தப்பு பண்ணியிருக்கீங்கம்மா."

"மூணு தபா போட்டேன் சார்."

"மூணு தடவையும் தப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. வேலையை அதே வகுப்பில் இருந்த சுப்புராயனுக்குக் கொடுத்தார்.

3

வீட்டில் வகுத்துப் பார்த்தேன். 239 × 4649. மீதி இல்லை.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: 'அந்தக் கணமே அவள் வீட்டுக்கு ஓடி'] ஓடவில்லை. அடுத்த ஞாயிறு அதைப் பலகையில் எழுதி, "இந்த வாரம் கண்டுபிடித்தேன்" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து அவள் கேட்டாள்: "மீதி வர்லியா சார்?"

"வரலை."

"சரி சார்."

சிலேட்டைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதிக்கொண்டாள். அதன்பின் எட்டு மாதம் வகுப்புக்கு வந்தாள். ஒரு ஞாயிறுகூட நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

4

கதைக்கு ஒரு முடிவு: மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்கிறேன், அவளுக்கு வேலை கிடைக்கிறது. எழுதிக் கிழித்தேன்.

இன்னொன்று: அவள் எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்துக் கேட்கிறாள். அது என் ஆசை. கேட்டிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும்.

நடந்தது இது. மூன்று வருடம் கழித்து, நேற்று, தண்டையார்பேட்டையில் அவள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் சாக்கு, கையில் கோணூசி. தைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே சார். மேஸ்திரியாண்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"அவராண்ட சொல்லுங்க. என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?"

கிடங்கு என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மேஸ்திரி இன்னும் அங்கேதான் இருக்கிறார். நானோ காலையிலிருந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போவேனா என்பதை இங்கே எழுத மாட்டேன். போவேன் என்று எழுதிவிட்டால், போகாமலேயே போனதுபோல் எனக்கு நிம்மதி வந்துவிடும்.