மூன்று வினாடி முக்கல்

சாண்ட்விச்சை எப்படி முக்க வேண்டும் என்று வக்கீலுக்குச் செய்துகாட்டப் போனதுதான் வினை. வக்கீல் தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடை நடத்தும் ஷெஃப் ஓடிப்போய், "அப்படி இல்ல சார், ஃபிரெஞ்சு முறைல மூணு வினாடி முக்கணும்" என்று அவர் தட்டிலிருந்தே சாண்ட்விச்சைப் பிடுங்கி, கிண்ணத்துக் கறிச்சாற்றில் அமிழ்த்தி, கோப்பை ஜெயித்தவர்போல உயர்த்தினார். பிரெட் அந்தரத்திலேயே உயிரை விட்டது. கட்டைவிரல் பருமனான கறித்துண்டுகள் தொபுக்கடீரென்று கிண்ணத்தில் குதிக்க, சாறு வக்கீலின் வெள்ளைச் சட்டைக்குக் குடிபோனது.

வக்கீல் சட்டையைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார். 'ஓ ஜூ சாறுடன்' என்று எழுதியிருந்தது.

"ஓ ஜூன்னாலே சாறோடன்னுதான்யா அர்த்தம். சாறோட சாறா?"

"தாராளமா குடுக்கறோம் சார்."

"அது தெரியுது." வக்கீல் மார்பைப் பிழிந்துகொண்டார். "வியாழக்கிழமை மறுபடி வரேன். அன்னிக்காவது கைல நின்னா, எங்க ஆபீஸ் முப்பது பேருக்கும் தினமும் மத்தியானச் சாப்பாடு உங்ககிட்டதான். இல்லேன்னா எதிர்க்கடை."

ஷெஃப் என்பது இவராகவே சூட்டிக்கொண்ட பட்டம். அதற்குமுன் பத்து வருடம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு சமையல் புத்தகத்தைப் படித்துப் பதினோரு ஃபிரெஞ்சுச் சொற்களைக் கற்றார். சமையலை அந்த அளவுக்குக் கற்றதாகச் சொல்ல முடியாது. கடை திறந்து ஆறு மாதம் ஆகிறது. எதிர்க்கடையோ திறந்த நாளிலிருந்து நிரம்பி வழிகிறது. முப்பது பேர் என்பது இவருக்கு முப்பது கோயில் மணி ஒன்றாக அடித்ததுபோல.

ஆனால் பிரெட் மனைவி சுடுவது. கடையின் பின்னறையில் அவள் அடுப்பிலிருந்து எடுக்கும்போது தெருவில் போகிறவன் வழி மறந்து உள்ளே வருவான். பஞ்சு தோற்கும். அவளிடம் போய் 'உன் பிரெட் சரியில்லை' என்று சொல்வதைவிட, வக்கீலின் சட்டையை நாக்கால் நக்கிச் சுத்தம் செய்துவிடலாம்.

கல்லாவில் இருந்த மச்சினனைக் கேட்டார். "மாப்ளே, உண்மையைச் சொல்லு. தப்பு எதுல? பிரெட்டா, சாறா?"

மச்சினன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். "மாமா, பகல்ல உங்ககிட்ட வேலை பாக்கறேன். சாயங்காலம் அக்கா கையால சாப்பிடறேன். எனக்கு ரெண்டு வேளையும் முக்கியம்."

"அப்ப பதில்?"

"அதான் பதில்."

செவ்வாய்க்கிழமை ஷெஃப் மூலைக்கடையில் ஒரு பாகெத் வாங்கினார். ஒரு கை நீளத்தில், விறகுக்கட்டை மாதிரி மேல்தோல் கொண்ட பிரெட். யாருக்கும் தெரியாமல் சோதித்துப் பார்க்கலாம் என்று அதைச் சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு, ஸ்கேலை விழுங்கியவர்போல நிமிர்ந்து சமையலறைக்குள் நுழைந்தார்.

மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி ஏறிட்டுப் பார்த்தாள். "என்னங்க, முதுகு வலியா?"

"ஆமா. லேசா."

"நல்லா முறுகலா இருக்கும்போல, வலி. காலருக்கு மேல எட்டிப் பாக்குது."

ஷெஃப் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதுகிலிருந்து பாகெத்தை வாளை உருவுவதுபோல உருவி, மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். டொக். கோபிப்பாள் என்று பார்த்தால், அதை அறுத்து, அவருடைய கறியையே உள்ளே வைத்து, சாற்றில் முக்கி, அவர் வாயருகே நீட்டினாள்.

"கடிங்க."

கடித்தார். பிரெட் நின்றது. சாறு இறங்கியது. ஆனால் கறி மட்டும் அவர் பல்லோடு கபடி ஆடியது. இழுத்தார், முழுத்துண்டாக வெளியே வந்து மோவாயில் தொங்கியது.

தொங்கவிட்டபடியே கேட்டார். "சுத்தி வளைக்காம சொல்லிடு. பிரெட்டா, சாறா?"

"கறி."

"கறியா?"

"கறிதாங்க. செருப்பு. கடை திறந்த நாள்லேர்ந்து செருப்பு. மெல்றவங்க தாடை பாவமேன்னு வாராவாரம் பாலைக் கூட்டிக் கூட்டி பிரெட்டை இளக்கிட்டு வந்தேன். இதுக்கு மேல இளக்கினா ஸ்பூனோடதான் விக்கணும்."

"ஏம்மா, இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்க அதுக்கு ஃபிரெஞ்சுல பேர் வச்சுட்டீங்க. ஆசையா பேர் வச்சதைப் போயி எப்படிங்க திட்டறது?" அவள் மோவாயில் தொங்கியதைப் பிடுங்கித் தட்டில் போட்டாள். "நார் ஓடற வாக்குல வெட்டறீங்க, அதுவும் கட்டை கட்டையா. குறுக்கால வெட்டுங்க. காகிதம் மாதிரி. முறுகலா பிரெட் சுட எனக்குத் தெரியும். வக்கீல் நாளன்னிக்கு வராரு. கத்தியை எடுங்க."