இரண்டாவது சோதனை

கர்ப்பிணிகளுக்கெல்லாம் செய்கிற பாலியல் நோய்ச் சோதனை சிலவேளை பொய் சொல்லும். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் இவோனுக்கு அது நன்றாகத் தெரியும். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தின் தெளிநீரோடு மருந்தைக் கலந்து ஆட்டினால், நோயுள்ளவருக்குத் துகள்கள் திரளும். நோயே இல்லாத சிலருக்கும் திரளும். அதனால் கொழும்புக்கு அனுப்பி, வேறொரு சோதனையால் உறுதிப்படுத்த வேண்டும். ஆனால் அந்த முடிவு வருமுன்பே புருஷனையும் அழைத்து இரத்தம் எடுத்துவிடுவது அந்தக் கிளினிக்கின் வழக்கம். ஒரு குடும்பத்தைக் குலைக்க அது போதும்.

கல்லடி ஊர்க் கர்ப்பிணி தனுஷியாவின் இரத்தத்தில் துகள்கள் திரண்டன. மீன்பிடிக்கிற அவள் புருஷன் சிவதர்ஷன் வந்து கை நீட்டினான். அவனுக்கு ஒன்றுமில்லை. தனக்கு இல்லாத நோய் பெண்சாதிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டான். இது கடைசி முடிவல்ல, பொறுங்கள் என்று இவோன் படித்துப் படித்துச் சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை. தனுஷியா வயிற்றுப் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். அவன் கோபித்துக்கொண்டு கடற்கரையில் மீனவர் தங்கும் வாடியில் போய்ப் படுத்தான்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலையில் சுனாமியாய் எழுந்த கடல் வாடியோடு அவனையும் அள்ளிக்கொண்டு போனது. வாவிப் பக்கமிருந்த அவன் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்தான் வந்தது.

அடுத்த மாதம் பிள்ளையும் வயிற்றிலேயே இறந்தது. பொய்ச் சத்தியம் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று மாமியார் சீதேவிப்பிள்ளை, தண்ணீர் புகுந்த வீட்டை விட்டு அவர்கள் தங்கியிருந்த அகதி முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

பிறகுதான் கொழும்பு முடிவு வந்தது. பாலியல் நோய் இல்லை. தனுஷியாவின் மூட்டுவலியையும் கன்னச் சிவப்பையும் பார்த்த டொக்டர் இன்னொரு சோதனை செய்வித்தார். லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். முதல் சோதனையை ஏமாற்றியதும் அதுதான், பிள்ளையைக் கொன்றதும் அதுவாகத்தான் இருக்கும். முற்றாகக் குணமாகாது.

அந்தப் பெண்ணின் பெயராவது மிஞ்சட்டும் என்று இவோன் முகாமுக்கே போய், மாமியாரை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள்.

சீதேவிப்பிள்ளை முழுவதையும் கேட்டாள். அவளுக்கு நன்றாகவே விளங்கியது.

“இவள் கெட்டவளாவே இருந்திருக்கலாம் மிஸ்,” என்றாள். “என்ட மகன் செத்ததுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.”

பக்கத்தில் இருந்த தனுஷியாவின் முகத்தை இவோன் பயந்து பயந்து பார்த்தாள். அவள் அழவில்லை.

“மாமி சொல்லுறது சரிதான் மிஸ்,” என்றாள் தனுஷியா. “எனக்கும் தாங்குறது லேசா இருந்திருக்கும்.”