பட்டாம்பூச்சிக்குச் சீனித் தண்ணி

சீனித் தண்ணீர் போத்தலோடு மாயாண்டி ரப்பர் தோட்டத்து முள்கம்பி கேட்டில் போலீசிடம் மாட்டிக்கொண்டார். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி சீனிகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்று பிடித்து உள்ளே போடுவார்கள். விசாரணையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இதெல்லாம் தெரிந்த மனுசன்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூப்புதருக்குக் கொண்டு வரச் சொல்லி மகள் கேட்டாளே என்று கிளம்பிவிட்டார், பாவம்.

“யாருக்கு இது?” என்றார் இன்ஸ்பெக்டர் சாமிநாதன். மலாக்கா டவுனிலிருந்து புதிதாக வந்தவர்.

“பட்டாம்பூச்சிக்குங்க ஐயா.”

காட்டிலிருப்பவர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்த காலம். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பட்டாம்பூச்சி ஆம்பளையா, பொம்பளையா?”

மாயாண்டி திருதிருவென்று விழித்தார். “எனக்கு எங்கங்க தெரியும்? எம்மக கோமளாதான் வயித்தப் பாத்துச் சொல்லும்.”

“மகளும் இதுல கூட்டா?”

“எல்லாமே அதுதாங்க. நேத்து ஒண்ணப் புடிச்சி, வீட்டுல பட்டினி போட்டு வச்சிருக்கு.”

அட ராமா! லாரி வந்தது, கையில் விலங்கு விழுந்தது. உள்ளதைத்தானே சொன்னோம், எந்தச் சொல் குத்தமாகிவிட்டது என்று மாயாண்டிக்குப் புரியவே இல்லை.

சேதி கேட்டுக் கோமளா கொசுவலைக் கூண்டோடு ஓடிவந்தாள். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறவள், லீவில் வந்திருந்தாள்.

“சார், பட்டாம்பூச்சிக்கு ருசி கால்ல இருக்கு. சீனித் தண்ணி கால்ல பட்டா, சுருட்டி வச்ச நாக்கு தானா நீளும். அந்தச் சேதி நரம்பு வழியா எப்படிப் போவுதுன்னுதான் அடுத்த மாசம் செமினார்ல பேசப்போறேன். பாருங்க.”

பூச்சியின் காலைப் போத்தல் மூடியில் நனைத்தாள். நாக்கு நீளவில்லை. மறுபடி நனைத்தாள். ம்ஹூம்.

“நல்லா கதை அளக்கறீங்க லா,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஏத்து லாரியில!”

கோமளா பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நேத்துலேர்ந்து பட்டினிதானே, ஏன் நீட்ட மாட்டேங்குது?”

மாயாண்டி மெல்ல வாயைத் திறந்தார். “பாப்பா… காலையில நான்தான் ரெண்டு சொட்டு குடுத்தேன்.”

“ஏம்ப்பா?”

“பசிச்சிக் கெடந்துச்சேம்மா. பாத்துட்டு எப்படி சும்மா இருக்கறது?”

கோமளா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை அப்படியே நின்றது. “சார்! வயிறு நெறஞ்சதுக்குத் தண்ணியா இருந்தா ஏறாது. கெட்டியா வேணும். உங்க டீக்கு வச்சிருக்கற சீனி கொஞ்சம் குடுங்க.”

என்ன நினைத்தாரோ, இன்ஸ்பெக்டர் தன் டப்பாவை நீட்டினார். கோமளா பாகு போலக் குழைத்து, பூச்சியின் காலை அதில் வைத்தாள். சுருண்டிருந்த நாக்கு மெல்லப் பிரிந்து நீண்டது.

“அடேங்கப்பா!” என்று இன்ஸ்பெக்டர் குனிந்ததில் தொப்பி கீழே விழுந்தது. ஆம்பளையா பொம்பளையா என்று தான் கேட்டது ஞாபகம் வந்ததோ என்னவோ, யார் முகத்தையும் பார்க்காமல் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு விலங்கைக் கழற்றச் சொன்னார். சட்டம் சட்டம்தான் என்று போத்தலைத் தன் கையாலேயே மணலில் கவிழ்த்தார்.

“பூச்சிக்குக் குடுத்தீங்க, சரி. பசின்னு வேற எவனாச்சும் வந்து நின்னா குடுத்துடாதீங்க பெரியவரே. அப்புறம் என்னாலயும் காப்பாத்த முடியாது.”

மாயாண்டி தலையை ஆட்டினார். மகள் கையைப் பிடித்து இழுக்க, வீட்டைப் பார்த்து நடந்தார். ஆட்டினது என்னவோ ஆட்டிவிட்டார். அப்படி ஒருத்தன் வந்து நின்றால் இந்தக் கை சும்மா இருக்குமா என்பதுதான் அவருக்கே தெரியவில்லை.