சிலுவைராஜின் பெயர் போட்ட இடம்

கடலுக்குப் போய்க் காணாமல் போன சிலுவைராஜ், மூன்றாம் வருடம் ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மகள் சில்வியா எடிட் செய்துகொண்டிருந்த ட்ரெய்லரிலிருந்து எழுந்து போய்விட்டார். அன்று மண்டபத்தூரில் வெயில் கடுமை, கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது, வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

சில்வியா அப்போது காரைக்காலில் கல்லூரி இறுதியாண்டு. மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் அடைந்து கிடப்பதைப் பற்றிப் படம் எடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ட்ரெய்லரைக் கொடுத்தாக வேண்டும். அதில் ஆறு விநாடி, அப்பா கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார். பழைய போனில் விளையாட்டாக எடுத்தது. அவர் அசைவதைப் பார்க்க அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

டைட்டில் போடும்போது உடன் படிக்கும் தஹ்ஸீன், "'நினைவில்'னு ஒரு கார்டு போட்டுடு, அப்பாவுக்கு மரியாதையா இருக்கும்" என்றாள். சில்வியா அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அம்மா சலோமி மாதத்தின் முதல் வெள்ளிதோறும் மாதா கோயிலில் கணவர் பெயருக்குப் பூசை கேட்பவள். இறந்தவர்களுக்கு எழுதுவதுபோல் ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று எழுதப்போன கோயில் உபதேசியாரின் பேனாவைப் பிடுங்கி, 'சுகமாய்த் திரும்பி வர' என்று தானே எழுதியவள்.

'நினைவில் சிலுவைராஜ்' என்று காட்சியின் மேலேயே தட்டி முடித்ததும் அவர் தலை தூக்கினார். எழுத்துக்கூட்டி வாசிப்பவர் என்பதால் உதடு அசைந்தது. வாசித்துவிட்டு, ஊசியை வலையில் குத்தி, கைலியை மடித்துக் கட்டி, இடது ஓரமாக நடந்து மறைந்தார். சில்வியா எழுத்தை அழித்தாள். எழுத்து போயிற்று, அப்பா வரவில்லை. பழைய போனில் தேடினால் அதிலும் வெறும் மணலும் வலையும்தான். கடல் செய்யாததைத் தான் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அம்மாவிடம் சொன்னாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். சலோமி மீன் அரிந்த கையைக் கழுவிக்கொண்டு வந்து, வெறும் மணலை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"செத்தவருன்னு எழுதி வச்சா எந்த மனுசன்டி உக்காந்திருப்பாரு? கோவக்காரரு வேற. மத்தவங்க பேரெல்லாம் எதுல போட்டிருக்க?"

"நடிப்புன்னு போட்டிருக்கேம்மா."

"அதுலயே போடு. மொதப் பேரா போடு."

போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை; சலோமி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு இடது ஓரத்திலிருந்து சிலுவைராஜ் வந்தார். கைலி முழங்கால் வரை நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து ஊசியை எடுத்தார். சில்வியா அழுதாள். சலோமி, "எங்க போயி நனைஞ்சிட்டு வர்றாரு" என்று மட்டும் கேட்டாள்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. ஆறு விநாடி இன்னும் ஆறு விநாடிதான், ஆனால் அவருக்கு வயது ஏறுகிறது. தாடி நரைத்துவிட்டது, போன மழைக்காலத்தில் இருமினார். ஊருக்கு வரும்போதெல்லாம் சில்வியா பயந்துகொண்டே ட்ரெய்லரைத் திறந்து பார்க்கிறாள். அந்த 'நினைவில்' கார்டை ஒருநாள் தன் கையால்தான் போட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சலோமிக்கு வேறு கவலை. வலைக்கண்ணியில் ஊசியை நுழைக்க இப்போது அவர் தடுமாறுகிறார். போன முதல் வெள்ளிக்கு அவள் சிலுவைராஜின் கண் பார்வைக்காகப் பூசை கேட்டாள். உபதேசியார் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.