துவைத்து மடித்த சட்டை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அக்கா மகள் சொன்னது. மலை சரிந்த ஊரின் நிவாரண முகாமில் கல்லூரித் தோழிகளோடு தொண்டு செய்துவிட்டு வந்தவள், எங்கள் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில், "எழுதுங்க சித்தி. ஆனா முடிவ மட்டும் மாத்திடுங்க" என்றாள்.

சரி என்றேன். கதை எழுதுகிறவளுக்கு முடிவுக்கா பஞ்சம்?

2

முதல் தொடக்கம்: "ஈரத் துணிகள் காற்றில் படபடத்தன, இழந்தவர்களின் கொடிகளைப்போல..."

அடித்துவிட்டேன். துணி துணியாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது: "அவள் ரொம்ப நல்லவள்." இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே நல்லவள் என்றால் நீங்கள் உஷாராகிவிடுவீர்கள்.

நடந்ததையே சொல்கிறேன். முகாம் ஒரு பள்ளிக்கூடம். அவளுக்குக் கிடைத்த வேலை துணி துவைப்பது. சேற்றை அலசி, கிருமிநாசினி கலந்த வாளியில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டுக் கசக்கி, காயவைத்து, இஸ்திரி போட்டு அவரவர் படுக்கையில் வைப்பாள். (இஸ்திரி போடும்படி யாரும் சொல்லவில்லை. வீட்டில் தன் துணியைக்கூட மடிக்காதவள். சந்தேகமிருந்தால் என் அக்காவைக் கேளுங்கள்.)

3

அங்கே ஒரு லாரி ஓட்டுநர் தங்கியிருந்தார். மலை சரிந்தபோது லோடோடு வெளியூரில் இருந்தவர். மனைவி மண்ணில் புதைந்து இறந்துவிட்டாள். மகனைக் காணவில்லை. அவன் காட்டுப் பக்கம் ஓடியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். பாதி இடிந்த வீட்டுக்குள் புகுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய மகனின் சட்டையை ஓட்டுநர் எடுத்து வந்தார். அதைத் தவிர அவனுடையது எதுவும் மிஞ்சவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

மனைவியின் உடலை அடையாளம் காட்ட அவர் போயிருந்த காலையில், படுக்கையைத் தட்டிப் போட்ட அக்கா மகளின் கண்ணில் அது பட்டது. காலரெல்லாம் அழுக்கு, வியர்வை வாடை. பாவம், பிள்ளை வந்தால் போட்டுக்கொள்வான் என்று நினைத்தாள்.

[இந்த இடத்தில் கண்டிப்பான ஒரு நர்ஸை உருவாக்கி, "அதத் தொடாதம்மா" என்று சொல்லவைத்தேன். நன்றாகவே பேசினாள். ஆனால் அப்படி யாரும் அங்கே இல்லை. நீக்கிவிட்டேன்.]

4

சாயங்காலம் ஓட்டுநர் திரும்பும்போது, மோப்ப நாயோடு ஒரு காவலரும் வந்தார்.

"பையன் போட்டுக் கழட்டின துணி ஏதாச்சும் இருக்கா? துவைச்சிருக்கக் கூடாது."

"இருக்கு சார்! இருக்கு!" ஓட்டுநர் ஓடினார். அந்தக் குரலில் அத்தனை உயிர் இருந்தது.

தலையணைக்கடியில் சட்டை நான்காக மடிந்து, சோப்பு மணத்தோடு இருந்தது. காவலர் முகம் சுருங்கியது. "சரி, காட்டிப் பாப்போம்" என்று நாயின் மூக்கருகே நீட்டினார். அக்கா மகள் ஒரு படுக்கையோரம் நின்றிருந்தாள்.

நாய் முகர்ந்தது. கிளம்பியது. மகனைத் தேடித்தான் போகிறது என்று ஓட்டுநர் பின்னாலேயே ஓடினார். நாய் படுக்கைகளைச் சுற்றி வந்து, அக்கா மகளின் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

அப்போது அவர் அவளை

(இந்த வாக்கியத்தைப் பலமுறை தொடங்கிவிட்டேன்.)

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். மருந்துத் தண்ணீரில் தோல் உரிந்திருந்தது. "கையெல்லாம் வெந்து போயிருக்கே. ஏதாச்சும் போட்டுக்கம்மா" என்றார். பிறகு காட்டைப் பார்த்து நடந்தார்.

5

பையன் இன்னும் கிடைக்கவில்லை.

கொடுத்த வாக்குக்காக அவனை உயிரோடு மீட்டேன். மரத்தடியில் மயங்கிக் கிடந்தவனை விறகு பொறுக்க வந்தவர்கள் தூக்கி வருகிறார்கள். அப்பா கட்டிக்கொண்டு கதறுகிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அக்கா மகளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இது இல்ல சித்தி."

"நீதானே மாத்தச் சொன்ன?"

"அவன் வந்துட்டான்னு எழுதினா வந்துடுவானா? நான் அதக் கேக்கல. அவரு என்னை அடிச்சாருன்னு எழுதுங்க. எல்லாரும் பாக்க அடிச்சாருன்னு எழுதுங்க."

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அந்த மனிதரின் கையை என்னால் தூக்க முடியவில்லை. அவள் கூடத்தில் காத்திருக்கிறாள், சாப்பிடாமல். இந்தாருங்கள் பேனா. அவள் கேட்பது ஒரே ஒரு அறைதான். உங்களுக்கு மனம் வந்தால் அடியுங்கள்.