நீட்டிய கால்

தான் பெருமையாக நீண்ட கால் வைத்து வரைந்த ஆங்கில R-ஐக் கண்ணாடியில் காட்டினால், ரஷ்யர்கள் எழுதும் சிரிலிக்கின் 'யா' வந்துவிடும், அதாவது Я, என்று எழுத்துரு வரைபவள் நம்பியிருந்தாள். ஒரே சொடுக்கில் திருப்பிப்போட்டுவிட்டு, இரண்டு கரைக்கும் பாலம் கட்டியவள்போலக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

சிரிலிக்கில் படித்து வளர்ந்தவள் அவளுடைய அண்ணி. திரையில் அந்த எழுத்துருவில் இருந்த ரஷ்யப் பத்தியைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு. எங்க வார்த்தைங்கள்ல 'யா' அடிக்கடி கடைசியில வரும். முன்னாடி நிக்கிற எழுத்தை எட்டி உதைக்குது பாரு."

"உங்க கண்ணுக்கு எல்லாமே குத்தம்தான் அண்ணி!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆனாலும் அண்ணி போனதும் 'யா'வின் காலை மடக்கிப் புதிதாக வரைந்தாள். பத்தி மூச்சுவிட்டது.

பிறகு R-ஐப் பார்த்தாள். அவள் பீற்றிக்கொண்ட அந்த நீண்ட கால் பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் அந்தக் காலைச் சுருக்காமல், பக்கத்து எழுத்தைத்தான் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள்.

போனை எடுத்தாள்.

"யா மேல தப்பில்ல அண்ணி. உதைக்கக் கத்துக்கொடுத்ததே எங்க வீட்டுப் பிள்ளை R-தான்."