தளகர்த்தரின் கடைவாய்ப்பல்

செத்து இருநூற்றைம்பது வருடம் ஆன ஒரு மனிதரின் பல்லுக்காக இரண்டு குடும்பங்கள் மல்லுக்கு நிற்குமா என்று கேட்பவர்கள், இந்த இரண்டு குடும்பங்களையும் பார்த்திருக்க மாட்டார்கள். பல்லுக்கு முன்னால் அவருடைய வாளுக்காக நின்றார்கள். வாளுக்கு முன்னால் கல்லறைக் கல்லுக்காக.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு முற்றுகையின்போது கோட்டை வாசலைக் கைவிடாமல் நின்று பெயர் வாங்கிய படை அதிகாரி அவர். ஊருக்கு அவர் வெறும் ‘தளகர்த்தர்’தான். சொந்தப் பெயர் கல்லில் இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அதே கல்லில் ‘இன்னாருடைய மகன்’ என்று இருந்திருக்க வேண்டிய மூலை மட்டும் உடைந்துபோயிருக்கிறது. உடைத்தது எதிர்க்கட்சிதான் என்று இரண்டு குடும்பமும் அடித்துச் சத்தியம் செய்யும்.

ஒரு கட்சி, பீரங்கி வண்டிகளுக்குச் சக்கரம் செய்த குடும்பம். தளகர்த்தர் எங்கள் வீட்டில் பிறந்தார் என்பது அவர்கள் பேச்சு. இன்னொரு கட்சி, படைக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த குடும்பம். பிறந்தது எங்கள் வீட்டில், கொள்ளைநோயில் தாய் போய்ச் சேர்ந்ததால் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுச் சக்கரக்காரரிடம் கொடுத்தோம், அவர்கள் வெறுமனே வளர்த்தார்கள் என்பது இவர்கள் பேச்சு. அந்தக் குழந்தை தவழ்ந்ததும் சாப்பிட்டதும் அடி வாங்கியதும் சக்கரக்காரர் வீட்டில்தான் என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு இல்லை. இத்தனை தலைமுறைச் சண்டையும் அந்த ‘வெறுமனே’யில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

சக்கரக்காரர் குடும்பத்தில் இப்போது மிச்சம் ஒரு அப்பாவும் ஒரு மகனும். அப்பா வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தவர். “அன்னிக்குப் பீரங்கிக்குச் சக்கரம், இன்னிக்குக் காருக்கு. தொழில் மாறலை பாரு!” என்று வாடிக்கையாளர் கேட்காமலே சொல்லுவார். முழங்கால் மக்கர் செய்ததும் கடையை விற்றுவிட்டு, தளகர்த்தரை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். மகன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கல்யாணம், குடித்தனம் எல்லாம் ஒரு தடவை பார்த்து, ஒத்துவராமல், அப்பாவோடு திரும்ப வந்து சேர்ந்துவிட்டவன். தெருவே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

குதிரை வைத்தியர் குடும்பத்தின் இன்றைய தலைவர் மருந்துக்கடைக்காரர். அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். காய்ச்சல் அடித்தாலும் அப்பா அந்தக் கடையைத் தாண்டி, முழங்காலை இழுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் கடைக்குத்தான் போவார். போகிற வழியில் மருந்துக்கடை வாசலில் நின்று இருமிவிட்டு வேறு போவார்.

எங்கே போனாலும், முடிவெட்டும் கடையானாலும் கல்யாண மண்டபமானாலும் மகன் வண்டியில் கூட்டிப்போகிற ஊர்க் கூட்டத்து மேடையானாலும், அப்பா பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். “நாங்க வெறுமனே வளர்த்தோமாமே! வளர்த்தவன்லாம் அப்பனாயிட முடியுமாய்யா? ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல? பெத்தது நாங்கய்யா!”

அந்த வார்த்தை வரும்போதெல்லாம் மாஸ்டரின் கால் தானாகத் தரையை அழுத்தும். கற்றுக்கொடுப்பவர் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்த வண்டியில் நாளெல்லாம் உட்கார்ந்து வந்த பழக்கம். நாற்காலிக்குக் கீழே பிரேக் இல்லை என்பது காலுக்கு எங்கே தெரிகிறது?

ஏனென்றால் மாஸ்டர் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில், அத்தை ஏதோ ஒரு கோபத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொன்ன மறு நிமிடமே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்பாவிடம் சொல்லிவிடாதே என்றாள். அவன் சொல்லவில்லை. அப்போது அம்மா படுக்கையில் இருந்தாள். அம்மா போன பிறகு, இதைச் சொல்லி அப்பாவை இன்னும் தனியாக ஆக்குவானேன் என்று விட்டுவிட்டான். அவனுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா நல்லவர், பாசத்தில் குறை வைத்தவர் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை அவர் மனதாரத்தான் சொல்கிறாரா என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அதைக் கேட்கத்தான் வாய் வந்ததில்லை.

இந்த நிலையில்தான் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று கல்லறையைத் தோண்டினார்கள். எலும்போடு எலும்பாக, பூச்சி அரிக்காத ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தது. அவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று பல்லை வைத்துச் சோதித்து, புதுக் கல்லறைப் பலகையில் எழுதுவதாக அருங்காட்சியகத்தில் சொன்னார்கள்.

அப்பா அன்று குழந்தை மாதிரி ஆகிவிட்டார். “பல்லு பொய் சொல்லாதுடா! அப்பன்கிட்டேருந்து மகனுக்கு அப்படியே மாறாம வர்ற சமாச்சாரம் ஒண்ணு ரத்தத்துல இருக்காம். பல்லுல இருக்கறதும் நம்மகிட்ட இருக்கறதும் ஒண்ணா இருந்தா முடிஞ்சுது கதை. மருந்துக்கடைக்காரன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறான்னு பார்க்கறேன்!”

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அருங்காட்சியக அதிகாரி போன் செய்தாள். காது மந்தம் என்பதால் அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“சார், வர்ற வாரம் வாங்க. உங்க மகனையும் கூட்டிட்டு வரணும்.”

“அவன் எதுக்கும்மா? நான் இருக்கேனே.”

“ஒரு குடும்பத்துக்கு ரெண்டு தலைமுறையோட எச்சில் எடுக்கறோம், சார். அப்பாவோடதும் மகனோடதும் ஒத்துப்போகுதான்னு முதல்ல பார்த்துட்டுத்தான் பல்லோட ஒப்பிடுவோம். அந்தக் குடும்பத்துக்கும் அதேதான். ரெண்டு பேரும் வரலைன்னா கணக்குல சேர்க்க மாட்டோம்.”

அப்பாவின் கையில் இருந்த கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. “சரிம்மா” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை, தளகர்த்தரைப் பற்றியும் பேசவில்லை. வீடே காலியான மாதிரி இருந்தது.

மாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பல்லை ஆராயப் போய்த் தன்னை ஆராய்ந்துவிடுவார்கள். ‘இவர் உங்கள் மகன் இல்லை’ என்று மருந்துக்கடைக்காரர் எதிரிலேயே அந்த அம்மாள் சொல்லுவாள். அப்பா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

“அன்னிக்கு என்கிட்ட ஓட்டக் கத்துக்கற பசங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்குப்பா. நான் வர முடியாது. விட்டுடலாமே” என்று ஒரு பொய்யைப் போட்டுப் பார்த்தான்.

அப்பாவின் முகத்தில் ஒரு கணம் உயிர் வந்தது. “அப்படியா? வேலைதான் முக்கியம். ஆமா, ஆமா.”

ஆனால் மறுநாளே மருந்துக்கடைக்காரர் தன் கடை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “என்ன, பல்லைக் கண்டதும் பையனை ஒளிச்சு வெச்சுட்டாங்களாமே?” என்றார். அப்பா திரும்பி நின்று, “நாங்க வர்றோம்டா! ரெண்டு பேரும் வர்றோம்!” என்று கத்திவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, கத்திய வாயைத் தானே உள்ளங்கையால் அடித்துக்கொண்டார். மாஸ்டர் சமையலறையிலிருந்து அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி குழாயைத் திறந்துவிட்டான்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், உடைந்த சிலைகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டிருந்தார்கள். கண்ணாடிக் குப்பியில் பல். அதைப் பார்த்ததும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். மருந்துக்கடைக்காரரும் அவர் மகனும் முதலில் வாயைத் திறந்தார்கள். அதிகாரி பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துக் குழாயில் போட்டு மூடினாள். மருந்துக்கடைக்காரர் அதற்குள் ஜெயித்துவிட்டவர் மாதிரி மீசையை நீவிக்கொண்டார்.

“அடுத்து உங்க குடும்பம், சார். மகன் முதல்ல வரட்டும்.”

மாஸ்டர் போய் உட்கார்ந்தான். ஓடினால் அப்பாவுக்கு அவமானம், உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய அவமானம். எது வந்தாலும் பக்கத்தில் இருந்து தாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து வாயைத் திறந்தான். குச்சி உதட்டுக்குக் கிட்டே வந்துவிட்டது.

“நிறுத்தும்மா.”

அப்பா எழுந்து நின்றிருந்தார்.

“தேவையில்லை. அவங்க சொல்றதுதான் நிஜம். தளகர்த்தர் அவங்க வீட்டுல பொறந்தவர். நாங்க வளர்த்த வீடு, அவ்வளவுதான். இத்தனை நாளா வீம்புக்குப் பேசிட்டேன். எழுதிக்கோ.”

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் அசைந்தார். ஜெயித்தவர் முகமா அது? சாய்ந்துகொண்டிருந்த சுவரை யாரோ உருவி எடுத்த மாதிரி நின்றார்.

“டேய், உடம்புக்கு ஏதாவது பண்ணுதாடா? உட்காரு. தண்ணி குடி” என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் அப்பாவிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

“நல்லாத்தான் இருக்கேன். வாடா, போலாம்” என்று மகனின் தோளைப் பிடித்து எழுப்பினார் அப்பா.

வீட்டில் இருப்பது அந்த ஒரே வண்டிதான், இரண்டு பிரேக் வைத்த வண்டி. அப்பா வழக்கம்போல் கற்றுக்கொடுப்பவர் இருக்கையில் உட்கார்ந்தார். காலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மாஸ்டர் வழக்கமாகச் சொல்வதுண்டு, இன்று மறந்துவிட்டான்.

வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தது. ஒரு வாழ்நாளையே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்த மனிதர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

“திரும்பிப் போய் நீங்க மட்டும் குடுத்துட்டு வாங்கப்பா. நான் வளர்ப்புப் பிள்ளைன்னு அந்தம்மாகிட்டத் தனியா சொன்னாப் புரிஞ்சுப்பாங்க. எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். அத்தை சொல்லிட்டாங்க.”

வண்டி நடுத்தெருவில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அப்பாவின் கால் பிரேக்கில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரனில் கை வைத்தார்கள்.

“எப்போ சொன்னா?”

“ஸ்கூல் முடிக்கறப்போ.”

அப்பா அவன் பக்கம் திரும்பினார். கண் கலங்கிவிட்டது. “தெரிஞ்சா நீ எங்களை விட்டுப் போயிடுவியோன்னு உங்கம்மாவும் நானும் பயந்து பயந்து... அப்போ நான் அந்த வார்த்தையைச் சொல்றப்பல்லாம்? வளர்த்தவன் அப்பனாயிட முடியுமான்னு? ஒவ்வொரு கூட்டத்துக்கும் நீதானேடா என்னை வண்டியில கூட்டிட்டுப் போன? பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியே!”

“வேற யாருப்பா கூட்டிட்டுப் போவா?”

“வாய்ல வந்ததைப் பேசியிருக்கேன். அவனை ஜெயிக்கணும்னு பேசினேன்டா, உன்னை நினைச்சு ஒரு நாளும் பேசலை. நீ எனக்கு... அந்த நினைப்பே வராதுடா. முதல்ல பயந்ததோட சரி, போகப்போக மறந்தே போயிருந்தேன். அந்தம்மா போன்ல சொன்னப்போதான், ஐயோன்னு ஞாபகம் வந்துச்சு.”

மாஸ்டர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். இத்தனை வருடமாகக் கேட்க முடியாமல் இருந்ததற்குப் பதில் வந்துவிட்டது. ஒரு ஆட்டோக்காரர் கண்ணாடியைத் தட்டி, “மாஸ்டர், நீங்களே ஓட்டக் கத்துக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து நைசாக நழுவினார்.

அப்பா சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டருக்கு அந்த நிமிர்வு தெரியும், மேடை ஏறுவதற்கு முன்னால் வருகிற நிமிர்வு.

“வண்டியைத் திருப்பு.”

“குடுக்கப் போறீங்களா?”

“எச்சிலும் வேண்டாம், பல்லும் வேண்டாம். தளகர்த்தரை அவன் வீட்டுலயே பெத்துக்கட்டும். சாப்பாடு போட்டது யாரு? ஜுரம்னா தூக்கிட்டு ஓடினது யாரு? கல்லறைக்குப் புதுசாப் பலகை வைக்கப் போறாங்கள்ல? வளர்த்த வீடுன்னு நம்ம பேரு மேல வரணும், பெத்த வீடு கீழ. எழுத்தும் ஒரு சைஸ் பெரிசா. இப்பவே சொல்லிட்டு வரணும், இல்லைன்னா அந்த மருந்துக்கடைக்காரன் மாத்தி எழுத வெச்சுடுவான். திருப்புடா!”

மாஸ்டர் கியரைப் போட்டான். வண்டி உறுமியது, நகரவில்லை.

“திருப்பறேன். முதல்ல பிரேக்லேருந்து காலை எடுங்கப்பா.”